சிம்தாரா நகரின் அபார வளர்ச்சி

ஆசியாவின் நகரங்கள் வளர்ந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் டோக்கியோ, டாக்கா, ஜகார்த்தா என்று பெயர்களை அடுக்கி மலைத்துப்போகிறார்கள். அவர்கள் சிம்தாராவைப் பார்த்ததில்லை, ஆகையால் மன்னித்துவிடலாம். டோக்கியோ நகரமாவதற்கு நூற்றாண்டுகள் பிடித்தன. டாக்கா ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. சிம்தாரா அந்தக் காரியத்தை ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் கச்சிதமாக முடித்துக்கொண்டது.

அன்று மூன்று மணிவரை அது நேபாளத்து மலைச்சரிவு ஒன்றில் சிதறிக் கிடந்த ஏழு கிராமங்கள். மூன்று மணிக்குத் தலைநகரில் அரசிதழ் அச்சாகி வெளிவந்தது. மூன்று மணி ஒரு நிமிஷத்திலிருந்து அது நகரம். அந்த நேரத்தில் மக்காச்சோளக் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தவர்களும், எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்களும், மழைக்கு ஒதுங்கி நின்றவர்களுமாகப் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு பேர், நின்றவர்கள் நின்றபடியும் குனிந்தவர்கள் குனிந்தபடியும், நகரவாசிகள் ஆனார்கள். ஒருவரும் ஊர்விட்டு வரவில்லை. ஒரு செங்கல் வைக்கப்படவில்லை. ஒரு மரம் வெட்டப்படவில்லை. சுற்றுச்சூழலுக்கு இவ்வளவு உகந்த நகரமயமாதல் உலகில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

ஊர்ச் செயலர் தீர்கராஜ் கதிவடாவுக்குச் செய்தி வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. தபால்காரர் கீழேயிருந்து ஆறு மணி நேரம் மலையேறி வரவேண்டும். தாம் நகரத்துக்குத் தபால் கொண்டுபோகிறோம் என்று அவருக்கும் தெரியாததால், வழக்கம்போல நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து புகைத்துவிட்டுத்தான் வந்தார்.

தீர்கராஜ் பதினான்கு வருஷமாக அந்த ஊரின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் எழுதிவருகிறவர். ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் சாப்பிட உட்காரமாட்டார். அரசிதழோடு வந்திருந்த படிவத்தை விரித்தார். "நகர மக்கள்தொகை, சென்ற ஆண்டு" என்ற இடத்தில் பூஜ்யம் எழுதினார். "இந்த ஆண்டு" என்ற இடத்தில் 18,406 எழுதினார். அடுத்த கட்டம், "வளர்ச்சி சதவீதம்". கால்குலேட்டரை எடுத்து வகுத்தார். அது ஒரே ஓர் ஆங்கில எழுத்தைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூஜ்யத்தால் வகுக்க முடியாதென்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பொய் எழுத மனசு வரவில்லை. கட்டத்தைக் காலியாக விடவும் விதி இல்லை. யோசித்து, நிதானமாக, "கணக்கிட இயலாது" என்று எழுதி முத்திரை குத்தினார்.

அந்த ஒரு வரிதான் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். ஆனால் அது தலைநகர் போய்ச் சேர்ந்து, ஒருவர் படித்து, அவர் வியந்து முடிக்கப் பல மாதம் ஆயிற்று. அதற்குள் சிம்தாராவுக்குத் தேர்தல் வந்தது, மேயர் வந்தார்.

மேயர் மான்பகதூர் புலாமி இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். மீசையும் நல்ல மீசை. முதல் நகர்மன்றக் கூட்டம் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அறையில் நடந்தது. இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க ஏழு வார்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்க, மேயர் முழங்கினார்.

"நான் ஆறு வருஷம் சிலிகுரியில இருந்தவன். நகரம்னா என்னன்னு எனக்குத் தெரியும். நகரத்துல மூணு இருக்கணும். நெரிசல், சாக்கடை, குடிசைப் பகுதி. நம்மகிட்ட இதுல எது இருக்கு?"

"சாக்கடை இல்ல. ஓடை இருக்கு" என்றார் மூன்றாம் வார்டு.

"ஓடையில தண்ணி தெளிவா இருக்கேய்யா. அதைப் போய் சாக்கடைன்னு எப்படி எழுதறது?"

"எழுதிட்டா ஆயிடும் தாஜு. அரசிதழ்ல எழுதினதும் நாம நகரம் ஆகலையா?"

தாஜு என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னதாலோ, வாதத்தில் இருந்த நியாயத்தாலோ மேயர் இளகினார். ஓடை சாக்கடையாயிற்று. குடிசைப் பகுதி விஷயம்தான் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. "குடிசைப் பகுதி இல்லாத நகரங்களுக்கு மேம்பாட்டு உதவி இல்லை" என்று தலைநகரிலிருந்து வந்த தாளில் இருந்தது. குடிசைப் பகுதிக்கு ஒரு குழாய் வருமாம்.

"எங்க வார்டுதான் குடிசைப் பகுதி!" என்று ஐந்தாம் வார்டு எழுந்தார்.

"உக்காருய்யா. உன் வீட்டுக்கூரை தகரம். எங்க வார்டுல எல்லாம் புல்லுக்கூரை. குடிசைப் பகுதிங்கற பேருக்கு எங்களுக்குத்தான் யோக்கியதை இருக்கு" என்றார் ஏழாம் வார்டு.

"தகரத்துல பதினெட்டு ஓட்டை இருக்கு. வந்து எண்ணிப் பாரு!"

"ஓட்டை இருந்தாலும் தகரம் தகரம்தான்!"

கைகலப்பு ஆகிவிடும்போல இருந்ததால், முழு நகரமுமே குடிசைப் பகுதி என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்கராஜ் எழுதி அனுப்பினார். குடிசைப் பகுதியின் பரப்பு நகரத்தின் பரப்பைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்று திரும்பி வந்தது. பள்ளி மைதானத்தை மட்டும் கழித்துவிட்டு மறுபடி அனுப்பினார்கள்.

இதற்கிடையில், புதிய நகரங்கள் எல்லாவற்றுக்கும் பரிசாக அனுப்பப்பட்ட போக்குவரத்து விளக்கு ஒன்று நான்கு ஆள் தோளில் ஏறி வந்து சேர்ந்தது. இரண்டு ஒற்றையடிப் பாதைகள் சந்திக்கும் அரசமரத்தில் அதைக் கட்டினார்கள். வந்த நாளிலிருந்து சிவப்பிலேயே நின்றது. சட்டத்தை மதிக்கிறவர்கள் இரண்டு நாள் நின்று பார்த்தார்கள். ஆடுகள் ஒரு நாளும் நிற்கவில்லை.

அடுத்த மாதம் தீர்கராஜுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. "தங்கள் பகுதி கிராம நிலையிலிருந்து உயர்ந்தமைக்கு வாழ்த்துகள்" என்று அன்பாகத்தான் தொடங்கியது. "எனவே தொலைதூரக் கிராமங்களுக்கான தாய்சேய் நலத் திட்டம் தங்கள் நகரில் இத்துடன் நிறுத்தப்படுகிறது. நகரப் பெண்கள் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸில் மருத்துவமனை செல்வதே முறை. திட்டத்துக்குரிய செவிலியர், தூக்குக் கட்டில், கோவேறு கழுதை ஆகிய மூன்றையும் பகர்கோட் கிராமத்துக்கு ஒப்படைக்கவும்."

பகர்கோட் எங்கே இருக்கிறது என்று தீர்கராஜுக்குத் தெரியும். மாவட்ட மருத்துவமனையின் சுற்றுச்சுவரை ஒட்டிய அடுத்த தெரு. வீட்டுவரி கூடுமென்று பயந்து அங்குள்ளவர்கள் யார் யாரையோ பிடித்துக் "கிராமமாகவே" இருந்துகொண்டார்கள். தார் ரோடு உண்டு. மாடிக்கு மாடி மின்விளக்கு உண்டு. அவர்களுக்கு ஒரு கோவேறு கழுதை மட்டும்தான் குறையாக இருந்தது.

செவிலியர் அழுதுகொண்டே போனார். தூக்குக் கட்டிலைக் கழுதைமேல் கட்டிக்கொண்டிருந்தபோது கௌமதி வந்தாள். நாற்பது வயது; ஊரின் சுகாதாரத் தொண்டர்; சம்பளம் கிடையாது, வருஷத்துக்கு ஒரு புடவை. அவளுடைய தம்பி தோஹாவில் கட்டட வேலை செய்கிறான். தம்பி மனைவி ஜுன்மாயாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"சார், கட்டிலையும் எடுத்துட்டுப் போறாங்களே?"

"அது கிராமத்துக் கட்டில், தீதி" என்றார் தீர்கராஜ். தன்னைவிட இளையவளானாலும் கௌமதியை அவர் அக்கா முறை வைத்தே கூப்பிடுவார். ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

"அப்ப நகரத்துக் கட்டில் எப்ப வரும்?"

"நகரத்துல கட்டில் கிடையாது. ஆம்புலன்ஸ்."

"அது எதுமேல வரும்?"

"ரோடு மேல."

"ரோடு எதுமேல வரும்?"

தீர்கராஜ் சுற்றறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். "நகரத் திட்டத்துல வரும்" என்றார்.

கௌமதி அவரைப் பார்த்த பார்வையை அவர் எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற முடியவில்லை. மாவட்ட அலுவலகத்துக்கு அன்றே ஒரு கடிதம் எழுதினார். அடுத்த வாரம் இன்னொன்று. மொத்தம் ஒன்பது கடிதங்கள். ஒன்பதுக்கும் ஒரே பதில்தான்: "நகரப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." நகரப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் "கணக்கிட இயலாது" தன் வேலையைக் காட்டியது.

தலைநகரில் நகர வளர்ச்சி நிபுணர் முனைவர் உத்கர்ஷ ஜோஷி, ஆசிய நகரங்களின் மாநாடு ஒன்றுக்காகப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். ஒரு நகரம் நான்கு சதவீதம் வளர்ந்திருந்தது, இன்னொன்று ஏழு. சிம்தாராவின் படிவத்தை எடுத்தார். வளர்ச்சி: கணக்கிட இயலாது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இருபத்திரண்டு வருஷ ஆராய்ச்சியில், எண்ணுகிறவன் எண்ண முடியாமல் கையை விரிக்கும் அளவுக்கு எந்த நகரமும் வளர்ந்ததில்லை.

"ஆசியாவிலேயே அதிவேகமாக வளரும் நகரம் என்ற விருதுக்குச் சிம்தாரா பரிசீலிக்கப்படுகிறது. நேரில் பார்வையிட வருகிறேன்" என்று மேயருக்குக் கடிதம் வந்தது.

மேயர் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அவர் முகத்தில் கவலை படர்ந்தது.

"செக்ரெட்டரி சாப், வர்றவரு நெரிசலைப் பாக்கணும்னு கேப்பாரே? நம்மகிட்ட ஆம்பளைங்களே இல்லையே."

அது உண்மைதான். சிம்தாரா வாலிபர்களில் பாதிக்குமேல் தோஹாவிலும் கோலாலம்பூரிலும் மற்றவர்களுடைய நகரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் மட்டும் சிம்தாராவில் வசித்தார்கள். உலகத்தில் எந்த நகரத்துக்கும் இத்தனை நாடுகளில் புறநகர் இல்லை.

"இருக்கறவங்களையே சுத்திவிட வேண்டியதுதான்" என்று மேயரே வழி கண்டார். பள்ளி மைதானத்தில் மூன்று நாள் ஒத்திகை நடந்தது. முன்னூறு பேர் கிழக்குப் பக்கம் வந்து, மேற்குப் பக்கம் போய், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தொப்பியையோ சால்வையையோ மாற்றிக்கொண்டு மறுபடி கிழக்குப் பக்கம் வரவேண்டும்.

"இடிச்சுக்கிட்டுப் போங்கம்மா! நகரத்துல யாரும் வழி விடமாட்டாங்க!" என்று மேயர் மைதான நடுவில் நின்று கத்தினார். "ஏய், அங்க யாரு, நின்னு நலம் விசாரிக்கறது? நகரத்துல எவனாவது நலம் விசாரிப்பானா? முறைச்சுக்கிட்டுப் போ!"

கட்டில் போய் நான்கு மாதம் கழித்து, மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு, மழை விட்டிருந்த ஒரு காலையில் முனைவர் ஜோஷி வந்தார். ஹெலிகாப்டரில் வந்தார். ஆசியாவின் அதிவேக நகரத்துக்கு வேறு எந்த வழியும் இல்லாததே காரணம். மைதானத்தில் இறங்கியதும் கழுத்து மறைய மாலைகள் விழுந்தன. நெரிசல் தொடங்கியது. முனைவர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"அற்புதம். இவ்வளவு பேரும் எங்கே போறாங்க?"

"அதான் சார், யாருக்குமே தெரியாது" என்றார் மேயர் பெருமையுடன்.

அப்போது கிழக்குப் பக்கமிருந்து ஒத்திகையில் இல்லாத ஒரு கூட்டம் வந்தது. முன்னால் கௌமதி. பின்னால் ஐந்து பெண்கள், மூங்கிலில் கட்டிய கம்பளித் தூளியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தூளிக்குள் ஜுன்மாயா. உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம். முகத்தில் நிறமே இல்லை.

நெரிசல் தானாக விலகி வழி விட்டது. மேயர் அதைத் தடுக்கவில்லை. அவரும் விலகி நின்றார்.

"நேத்து காலையிலேர்ந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கு. கை மட்டும் தட்டுப்படுது" என்றாள் கௌமதி. மூச்சு வாங்கியது. அவள் மேயரிடமும் முனைவரிடமும் பேசவில்லை. நேராகப் பைலட்டிடம் போனாள். "தம்பி, இவளைக் கீழ ஆஸ்பத்திரியில விட்டுடு. நடந்து தூக்கிட்டுப் போனா ஆறு மணி நேரம். பாதையில மண்ணு சரிஞ்சு கிடக்கு. தாங்கமாட்டா."

பைலட் இளைஞன். நல்லவனாகத்தான் தெரிந்தான். "தீதி, இது அதுக்கான ஹெலிகாப்டரேதான்" என்றான். "கிராமத்துப் பிரசவங்களுக்காக வச்சிருக்கறது. இன்னைக்குச் சும்மா நின்னுது, அதான் இந்த சாரை ஏத்திக்கிட்டு வந்தேன். ஏத்திக்கறேன். ஊர்க் கடிதம் மட்டும் குடுங்க."

தீர்கராஜ் ஏற்கனவே அலுவலகப் பையைத் திறந்துவிட்டார். "சிம்தாரா நகராட்சி" என்று அச்சிட்ட தாளைப் பார்த்ததும் பைலட்டின் முகம் விழுந்தது.

"நகராட்சியா? ஐயோ. நகரம்னா எடுக்கக் கூடாதுங்க. நகரத்துக்கு ஆம்புலன்ஸ்தான். போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் எடுத்துட்டு வேலையே போச்சு."

எல்லோரும் முனைவர் ஜோஷியைப் பார்த்தார்கள்.

"விதி சரிதான்" என்றார் அவர், வருத்தத்துடன். "நகர்ப்புறத்துக்கும் கிராமப்புறத்துக்கும் வித்தியாசம் காட்டலைன்னா புள்ளிவிவரமே குழம்பிப் போயிடும்."

தூளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை அல்ல, அழுவதற்குத் தெம்பில்லாதவள் விடும் மூச்சு.

தீர்கராஜ் பையின் அடியில் துழாவினார். பழைய தாள்கள் நான்கு கிடந்தன. தலைப்பில் "சிம்தாரா கிராம மன்றம்". செலவழித்தாகிவிட்டது என்று கணக்குக் காட்டியிருக்கவேண்டிய தாள்கள். பழைய முத்திரையும் கிடந்தது. பேனாவைத் திறந்தார்.

"செக்ரெட்டரி சாப், என்ன எழுதறீங்க?" என்று மேயர் காதருகே வந்தார். "விருது போயிடும்."

"தெரியும், மேயர் சாப்."

"உங்க வேலையும் போயிடும்யா!"

"அதுவும் தெரியும்."

அரசிதழுக்கு எதிராகச் சான்றிதழ் தருவது பெரிய குற்றம். பதினான்கு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட அவர் பொய்யாக எழுதியதில்லை. "இந்தச் சிம்தாரா ஒரு கிராமம் என்றும், இங்கே ரோடு, ஆம்புலன்ஸ், மருத்துவமனை எதுவும் இல்லை என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, நகரமான நாளிலிருந்து தாம் எழுதியவற்றில் திருத்தமே தேவைப்படாத வாக்கியம் இதுதான் என்று பட்டது.

மேயர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கி, தீர்கராஜின் கையெழுத்துக்குக் கீழே தம்முடையதையும் போட்டார். "சிலிகுரியிலகூட இப்படியெல்லாம் கேக்கமாட்டாங்கப்பா" என்று முணுமுணுத்தார்.

ஜுன்மாயாவைப் படுக்கவைத்து, கௌமதி ஏறி உட்கார்ந்ததும், உள்ளே முனைவருக்கு இடமில்லை. ஹெலிகாப்டர் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. மறுபடி வந்து அழைத்துப்போவதாகப் பைலட் சொன்னான். மத்தியானம் மேகம் மூடியது. நான்கு நாள் விலகவில்லை. ஆசியாவின் அதிவேக நகரத்தில் முனைவர் நான்கு நாளும் கேழ்வரகுக் களியும் புளிக்கவைத்த கீரையும் தின்று, ஐந்தாம் நாள் கால்நடையாகவே இறங்கினார். இரண்டு கால்விரல் நகங்கள் போயின. மாநாட்டு விருது, அதே அரசிதழின் பத்தொன்பதாம் பக்கத்தில் பிறந்த இன்னொரு நகரத்துக்குப் போயிற்று.

மாவட்ட மருத்துவமனையில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிராது என்று டாக்டர் சொன்னதாகக் கௌமதி போன் செய்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஜுன்மாயா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பிறப்பைப் பதிய வந்தாள். படிவத்தில் தாயின் இருப்பிடம் நகரமா கிராமமா என்று ஒரு கட்டம் இருந்தது. தீர்கராஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தயங்கினார்.

"என்ன சார் யோசனை?"

"நீ ஏறும்போது கிராமம். இறங்கினது மாவட்ட நகரம். இப்ப திரும்பி வந்திருக்கறது நகரம். இதை எப்படி எழுதறதுன்னு பாக்கறேன்."

"எதையாவது எழுதுங்க. ஆனா அடுத்தது எப்ப கிராமம், எப்ப நகரம்னு முன்னாடியே சொல்லிடுங்க சார். அதுக்குத் தகுந்த மாதிரி அவரை தோஹாவுலேர்ந்து வரச்சொல்றேன்."

அவள் சிரித்தாள். தீர்கராஜும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் தபால்காரர் வாசலில் நின்றார்.

குற்றப்பத்திரிகை. ஒன்று, அரசிதழில் அறிவிக்கப்பட்ட நகரத்தைக் கிராமம் என்று எழுதியது. இரண்டு, வழக்கில் இல்லாத முத்திரையைப் பயன்படுத்தியது. மூன்று, நாட்டின் நகர மக்கள்தொகையை ஒரே காலைப்பொழுதில் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு குறைத்தது. விசாரணை முடியும்வரை எந்தச் சான்றிதழும் வழங்கக் கூடாது. சிம்தாரா நகரம்தானா என்பதை நேரில் கண்டறிய உப செயலர் பத்மப்ரசாத் லம்சால் வருவார்.

லம்சால் ஒரு புதன்கிழமை வந்தார். வந்தார் என்பதைவிட, பாதி வந்தார் என்பது சரி. எண்பத்தாறு கிலோ. பளபளக்கும் தோல் ஷூ. முதல் மூன்று மணி நேர ஏற்றத்தைச் சமாளித்து ஓடைக்கு வந்தவர், பாசிக்கல்லில் கால் வைத்தார். நகராட்சித் தீர்மானப்படி அவர் விழுந்தது சாக்கடையில்.

சற்று நேரத்தில் தீர்கராஜின் போன் அடித்தது.

"செயலரா? நான் லம்சால் பேசறேன். கணுக்கால் போச்சு. வீங்கிக்கிட்டே வருது. உடனே ஆம்புலன்ஸ் அனுப்புங்க!"

"ஆம்புலன்ஸ் ரோடு மேலதான் வரும் சார்."

"அப்ப தூக்குக் கட்டில்?"

"அது பகர்கோட்டுல இருக்கு."

"கழுதை?"

"அதுவும் பகர்கோட்டுலதான் சார். நல்லா இருக்குன்னு கேள்வி."

லம்சாலின் குரல் தாழ்ந்து, உறவுக்காரர் குரல்போல வந்தது.

"இங்க பாருங்க. ஹெலிகாப்டர் ஆபீசுக்கு நான் பேசிட்டேன். கிராமம்னு ஒரு கடிதம் இருந்தா இப்பவே வரேங்கறான். ஒரே ஒரு கடிதம். போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும்."

தீர்கராஜுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று சொல்லவேண்டும். அவரும் மனிதர்தானே. ஆனால் குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டார். "சார், விசாரணை முடியற வரைக்கும் நான் எந்தச் சான்றிதழும் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. கையெழுத்து உங்களுதுதான்."

"யோவ், விசாரிக்க வந்தவனே நான்தான்யா!"

"அப்ப வந்து விசாரிச்சு முடிங்க சார். முடிஞ்சதும் எழுதித் தரேன்."

போனை வைத்துவிட்டார். வைத்த மறு நிமிஷமே மனசு கேட்கவில்லை. மழை வரும்போல இருந்தது. எழுந்து கௌமதி வீட்டுக்குப் போனார்.

கௌமதி மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "உங்க வேலையைப் பறிக்க வந்தவன்தானே சார்?" என்றாள்.

"ஆமா தீதி."

"எத்தனை கிலோ இருப்பான்?"

"போன்ல சொல்லலை. குரல் கனமா இருந்துச்சு."

அவள் எழுந்து, சுவரில் சாய்த்திருந்த மூங்கில் முதுகுக்கூடையை எடுத்து, ஒரு பக்கத்தை அரிவாளால் வெட்டி ஆள் உட்கார வழி செய்தாள். இன்னும் மூன்று பெண்களைக் கூப்பிட்டாள். ஆண்களைக் கூப்பிட தோஹாவுக்குத்தான் போன் போடவேண்டும்.

கூடையின் வாரை நெற்றியில் மாட்டி, நூறு படிக்கு ஒருத்தி என்று மாற்றி மாற்றி, நான்கு பெண்களும் உப செயலர் லம்சாலை மேலே கொண்டுவந்தார்கள். அவர் கூடைக்குள் பின்னோக்கி உட்கார்ந்தபடி, இறங்கிப் போகும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் "மெதுவா, மெதுவா" என்றார். ஓரிடத்தில் தூங்கியும்விட்டார். மேலே வந்ததும் கணுக்காலில் கௌமதி மஞ்சள் பற்றுப் போட்டாள். மறுநாள் கூடையில் இருந்தபடியே போக்குவரத்து விளக்கு, குடிசைப் பகுதி, சாக்கடை எல்லாவற்றையும் பார்வையிட்டார். அதற்கடுத்த நாள், அதே கூடை, அதே நான்கு பேர், ஆறு மணி நேரம் கீழே. ஜீப்பில் ஏறும்போது கைகூப்பினார். கண்கூடக் கலங்கியிருந்தது என்று கௌமதி வந்து சொன்னாள்.

"நல்லவன்தான் சார். நம்ம கஷ்டத்தை நேர்ல பாத்துட்டுப் போயிருக்கான். நல்லதா எழுதுவான்."

தீர்கராஜும் நம்பினார். பதினெட்டு நாள் கழித்து அறிக்கையின் நகல் வந்தது. மேயரும் கௌமதியும் அலுவலகத்தில் வந்து உட்கார, அவர் சத்தமாகப் படித்தார்.

"விசாரணையின் முடிவு: குற்றச்சாட்டுகள் மூன்றும் மெய்ப்பிக்கப்பட்டன. சிம்தாரா ஐயத்துக்கு இடமின்றி நகரமே. செயலருக்கு மூன்று ஆண்டுகள் சம்பள உயர்வு நிறுத்தப்படுகிறது. இந்நகரில் போக்குவரத்து வசதி இல்லை என்று அவர் எழுதியிருந்தது பொய். ஓடைக்கரையிலிருந்து நகர மையம் வரையிலும், நகர மையத்திலிருந்து ஜீப் நிலையம் வரையிலும் பொதுப் போக்குவரத்து இயங்குவது அடியேனால் நேரில் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. காத்திருக்கும் நேரம் குறைவு. கட்டணம் இல்லை. சிறிது குலுக்கல் இருப்பினும் சேவை திருப்திகரமானது."

மேயர் தலையைக் குனிந்துகொண்டார். கௌமதிக்குத்தான் விளங்கவில்லை. மோவாயில் கை வைத்தாள்.

"பொதுப் போக்குவரத்தா? நம்ம ஊர்ல அது எப்ப சார் வந்துச்சு? எத்தனையோ தடவை அந்த வழியில ஏறி இறங்கியிருக்கேன். ஒரு நாள்கூட என் கண்ணுல படலையே."

தீர்கராஜ் அறிக்கையை மடித்து வைத்தார்.

"படாது தீதி. கூடையை நெத்தியில மாட்டிக்கிட்டு நடக்கறவங்க தரையைப் பாத்துக்கிட்டுத்தானே வருவாங்க."